1 டிபி டிஸ்க் 32 எம்பி ஆன மாயம்

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க், பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) அப்டேட் செய்ததிலிருந்து வெறும் 32 எம்பி என்று காட்டுகிறது. குழந்தைகளின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

செய்யாதீர்கள். ‘இனிஷியலைஸ் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டாலும் கேன்சலை அழுத்துங்கள். போட்டோக்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். டிஸ்க் தன் அளவைக் குறைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

1 டிபி என்பது 931 ஜிபி ஆகத் தெரிந்தால் கவலையே வேண்டாம். தயாரிப்பாளர் கணக்கு ஆயிரத்தில், விண்டோஸ் கணக்கு 1024-இல். உங்கள் 32 எம்பி வேறு கதை.

டிஸ்கின் கடைசிப் பகுதியை இயங்குதளத்தின் கண்ணில் படாமல் ஒதுக்கிவைக்க, டிஸ்கும் கணினியும் பேசிக்கொள்ளும் ஏடிஏ தரத்திலேயே வழி உண்டு. ஹோஸ்ட் புரொடெக்டட் ஏரியா, சுருக்கமாக ஹெச்பிஏ என்பார்கள். ஒரு காலத்தில் லேப்டாப்களின் ரெக்கவரி மென்பொருள் அங்கே ஒளிந்திருந்தது. சில மதர்போர்டுகள் பயாஸின் நகல் ஒன்றை அங்கே எழுதிவைக்கும், உங்களை ஒரு வார்த்தை கேட்காமல். அதற்கு 2113 செக்டர் (டிஸ்க் இடத்தைப் பிரித்துவைக்கும் சிறு துண்டு), அதாவது சுமார் 1 எம்பி போதும். ஆனால் பெரிய டிஸ்கில் அந்த பயாஸ் கணக்கைத் தப்பாகப் போட்டால், வால் பக்கம் போடவேண்டிய வேலியைத் தலைமாட்டிலேயே போட்டுவிடும்.

டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் சாட்டா கேபிளில் நேரடியாக மாட்டுங்கள். பல யுஎஸ்பி பெட்டிகள் அளவைப் பார்க்கவும் மாற்றவும் தரும் கட்டளைகளை டிஸ்குக்குக் கொண்டுசேர்ப்பதில்லை. லினக்ஸ் லைவ் பென் டிரைவில் (பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ்) பூட் செய்து, ஹெச்டிபார்ம் (hdparm) கருவியைப் பெரிய எழுத்து ‘என்’ (-N) தேர்வுடன் இயக்கினால் இரண்டு எண்கள் வரும். முதலாவது டிஸ்க் இப்போது ஒப்புக்கொள்ளும் செக்டர்கள்; இரண்டாவது உண்மையில் இருப்பவை. 512 பைட் செக்டர் கணக்கில் 1 டிபி டிஸ்குக்கு இரண்டாவது எண் வழக்கமாக 1953525168.

அப்படியே வந்தால் பாதி வேலை முடிந்தது. அதே தேர்வில் அந்த எண்ணைக் கொடுத்தால் வேலி விலகும். எண்ணுக்கு முன்னால் சிறிய ‘பி’ (p) சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பவர் போனதும் பழைய அளவே திரும்பிவிடும். எந்த டிஸ்கில் கைவைக்கிறீர்கள் என்பதை சீரியல் எண்ணை ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். இதில் அவசரப்பட்டு அழுதவர்கள் உண்டு. கட்டளை எர்ரர் காட்டினால் முழுக்க பவரை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். ஒரு தடவை பவர் கொடுத்தால் ஒரு முறைதான் நிரந்தரமாக மாற்ற முடியும்.

இரண்டாவது எண்ணும் சிறியதாக இருந்தால்? டிசிஓ என்ற இன்னொரு மறைவான அடுக்கு காரணமாக இருக்கலாம், டிஸ்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரே கெட்டிருக்கலாம். அங்கே நீங்களாக எதையும் முயல வேண்டாம், டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் கொடுங்கள்.

அளவு திரும்பியதும் முதல் வேலையாகப் போட்டோக்களை வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள். அப்புறம், பழைய மதர்போர்டில் பயாஸ் நகலை ஹார்ட் டிஸ்கில் வைக்கும் வசதியை அணைக்க வழி தெரியவில்லை என்றால், இந்த டிஸ்கை அதில் திரும்ப மாட்டாதீர்கள்.