மேனிஃபோல்டைக் கழற்றும் முன்: ஹெடர் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹெடர் பற்றியவை. எஞ்சினோடு வரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை (எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் திரட்டி வெளியேற்றும் பாகம்) கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாகத் தனிக்குழாய் வைத்துப் பின்னால் சேர்ப்பதுதான் ஹெடர். வட சென்னையிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என்னுடையது 1.6 லிட்டர், டர்போ இல்லாத பழைய பெட்ரோல் கார். கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றியாகிவிட்டது. அவ்வப்போது இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போவேன், மற்ற நாளெல்லாம் திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெரிசல்தான். 4-1 வாங்கவா, 4-2-1 வாங்கவா? குழாய் எவ்வளவு பருமன் இருக்க வேண்டும்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: 4-2-1, அதாவது நான்கு குழாய்கள் முதலில் இரண்டாகவும் பிறகு ஒன்றாகவும் சேர்வது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் சட்டென்று அகலமாகும் இடத்தை அடைந்ததும் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். காற்று நுழையும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நொடியில் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்துவிட்டு, புதுக் காற்றையும் உள்ளே இழுத்துக் கொடுக்கும். குழாய் நீளம்தான் இது எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 4-1இல் நான்கும் ஒரே இடத்தில் சேர்வதால் மேல் ஆர்பிஎம்மில் நல்ல பவர் கிடைக்கும், ஆனால் குறுகிய எல்லைக்குள்தான். 4-2-1இல் இரண்டு இடங்களில் அலை திரும்புவதால் பலன் அகலமாகப் பரவும். டோல்கேட் சிக்னலில் உங்களுக்கு 6,500 ஆர்பிஎம் எதற்கு?

நீளத்துக்கு ரேஸ் டியூனர்களின் பழைய கணக்கு ஒன்று உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொடுவதற்கு எத்தனை டிகிரி முன்பே திறக்கிறது என்பதைக் கேம் கார்டில் பாருங்கள். அதோடு 180ஐக் கூட்டி, 850ஆல் பெருக்கி, வேண்டிய ஆர்பிஎம்மால் வகுத்து, 3ஐக் கழித்தால் நீளம் அங்குலத்தில் வரும். 50 டிகிரி, 6,000 ஆர்பிஎம் என்று வைத்தால் 29.6 அங்குலம், அதாவது சுமார் 75 செ.மீ. அதையே 5,000க்குப் போட்டால் 92 செ.மீ.; பானெட்டுக்குள் அவ்வளவு குழாயை மடக்குவது கஷ்டம். எனவே 6,000 கணக்கையே எடுத்துக்கொண்டு முதல் பகுதி (நான்கு குழாய்கள்) 38, இரண்டாம் பகுதி (இரண்டு குழாய்கள்) 37 செ.மீ. என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதே முறையில் உள்விட்டம் முதல் பகுதிக்கு ஏறக்குறைய 37 மி.மீ., இரண்டாம் பகுதிக்கு 49 மி.மீ. வருகிறது. வெளிவிட்டம் 1⅝ அங்குலமும் சுவர் 1.6 மி.மீட்டரும் உள்ள டியூப் 38 மி.மீ. உள்விட்டம் தரும், உங்களுக்கு அது சரி.

'பெருசா போட்டா பவர் வரும்' என்று 1¾ அங்குலத்துக்குப் போகாதீர்கள். குழாயின் பரப்பு கணக்குப்படி வேண்டியதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும், புகையின் வேகம் விழும், கீழ் பிக்கப் செத்துவிடும். 'கொஞ்சம் பேக்-பிரஷர் (புகைக்கு எதிரழுத்தம்) வேணும்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்த அனுபவத்தைத்தான். எஞ்சினுக்கு வேண்டியது அழுத்தம் அல்ல, வேகம்.

வாங்கும்போது ஜோடியையும் பாருங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்றால் 1உம் 4உம் ஒரு ஜோடி, 2உம் 3உம் ஒரு ஜோடி. வளைக்கச் சுலபம் என்று பக்கத்துப் பக்கத்துக் குழாய்களைச் சேர்த்த ஹெடர்களும் கடையில் தொங்குகின்றன. அவற்றுக்கும் பழைய மேனிஃபோல்டுக்கும் பெரிய வித்தியாசம் இராது.

கேள்வி: மண்ணடியில் பைப் வாங்கி, தெரிந்த வெல்டரிடம் கொடுத்து நாமே செய்துவிடலாமா? இறக்குமதி விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: செய்யலாம். நன்றாகச் செய்தால் பெட்டியில் வரும் மலிவு ஹெடரைவிட மேலாகவே இருக்கும். சறுக்கல் பைப் கடையிலேயே தொடங்கிவிடும். 'ஒன்றரை அங்குல பைப்' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது தண்ணீர்க் குழாய்க் கணக்கு. அதன் வெளிவிட்டம் 48.3 மி.மீ. கார்காரர்கள் சொல்லும் ஒன்றரை அங்குலம் 38.1 மி.மீ. கையில் வெர்னியரோடு போங்கள், வெளிவிட்டத்தையும் சுவர்த் தடிமனையும் மில்லிமீட்டரில் கேளுங்கள். கார் அளவு டியூப் கிடைக்காவிட்டால் ஒன்றேகால் அங்குல ஷெட்யூல் 5 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் எண்) குழாய் 1.6 லிட்டர் எஞ்சினுக்குக் கைகொடுக்கும்: வெளியே 42.2, சுவர் 1.65, உள்ளே 38.9 மி.மீ. அதே அளவில் ஷெட்யூல் 10 என்றால் சுவர் 2.77 மி.மீ. ஆகிவிடும், எடை ஏறும், அந்த எடை முழுவதும் எஞ்சினின் ஸ்டட்டில்தான் (ஹெடரைப் பிடிக்கும் மரைக் கம்பி) தொங்கும்.

வளைவுகளை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அமுக்கி வளைக்க விடாதீர்கள், உள்பக்கம் சப்பையாகிவிடும். மாண்ட்ரல் வைத்து வளைத்த துண்டுகளையோ ரெடிமேட் எல்போக்களையோ வாங்கி, வெட்டி ஒட்ட வைப்பதுதான் முறை. ஃப்ளாஞ்சுக்கு (குழாய்களை எஞ்சினோடு இணைக்கும் பட்டை) 10 மி.மீ. தகடு, எஞ்சின் கேஸ்கெட்டையே வரைபடமாகக் கொடுத்து லேசரில் வெட்டுங்கள். அதன் துளை, சிலிண்டர் ஹெட்டில் உள்ள புகை வாயைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கவே கூடாது. ஓரத்து ஸ்டட் துளைகளைக் கொஞ்சம் நீள்வட்டமாக விடுங்கள். ஏன் தெரியுமா? 75 செ.மீ. ஸ்டெயின்லெஸ் குழாய் 600 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 8 மி.மீ. நீளும், ஃப்ளாஞ்சும் தன் பங்குக்கு விரியும், ஹெட் மட்டும் நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். நீள இடம் கொடுக்காவிட்டால் வெல்டு விட்டுப்போகும் அல்லது ஸ்டட் முறியும்.

வெல்டிங் ஆர்கானில்தான். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்) குழாய்க்கு 308எல் ஃபில்லர் கம்பி. ஃப்ளாஞ்சு சாதா இரும்பாக இருந்தால் அந்த இணைப்புக்கு மட்டும் 309எல். வெளியே ஆர்கான் அடிப்பது போதாது, குழாயின் இரு முனைகளையும் டேப்பால் மூடி உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும். இல்லாவிட்டால் வெல்டின் உள்பக்கம் கருகி, மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பாகிவிடும். புகையைத் தடுப்பதோடு விரிசலும் அங்கிருந்தே தொடங்கும். இதற்குச் சம்மதிக்காத வெல்டரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். வெல்டு அடிக்கும்போது ஃப்ளாஞ்சைப் பழைய ஹெட் ஒன்றில் போல்ட் போட்டே வைத்திருக்கச் சொல்லுங்கள், ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். அப்படியும் வளைந்திருந்தால் லேத்தில் ஒரு முகம் எடுத்துவிடலாம், அதாவது சீவிச் சமமாக்கிவிடலாம்.

எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் காரில் கலெக்டருக்கு (குழாய்கள் ஒன்றாகச் சேரும் இடம்) பின்னால் ஃப்ளெக்ஸ் பைப் (வளைந்து கொடுக்கும் குழாய்) கட்டாயம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை ஃப்ளெக்ஸ் வாங்காவிட்டால் ஃப்ளாஞ்சு வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: காசிமேடு கடற்கரையை ஒட்டி வீடு. மூன்று வருடத்தில் சைலன்சரே அரித்துப்போனது. எந்த உலோகத்தில் ஹெடர் எடுக்க வேண்டும்?
– வாசகர், காசிமேடு

பதில்: உப்புக் காற்றுக்கு 304 போதும், 304எல் கிடைத்தால் நல்லது. 'எல்' என்றால் கார்பன் குறைவு. ஹெடர் தினமும் போய்வருகிற 425 முதல் 850 டிகிரி வரையான வெப்பத்தில் சாதா 304இன் வெல்டுப் பக்கத்தில் கார்பன், குரோமியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த இடம் உப்புக்கு இரையாகும். 321இல் டைட்டானியம் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை, விலைதான் தொல்லை. டர்போ காருக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். 409 ரகத்தின் மேலே செந்துரு படியும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது. சாதா இரும்பு ஹெடர் என்றால் உள்ளும் புறமும் செராமிக் கோட்டிங் செய்தே மாட்டுங்கள். கறுப்புப் பெயின்ட் முதல் வாரத்திலேயே உரிந்து வரும்.

காந்தம் வைத்துப் பார்ப்பதை முழுதாக நம்பாதீர்கள். 304 காந்தத்தில் ஒட்டாது என்பது உண்மைதான். நிக்கலுக்குப் பதில் மாங்கனீஸ் போட்ட 202உம் ஒட்டாது, அது கடற்கரையில் துருப்பிடிக்கும். டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். இல்லை என்றால் பாத்திரக் கடைக்காரர்களும் ஸ்க்ராப் வியாபாரிகளும் வைத்திருக்கும் கிரேடு பார்க்கும் சொட்டு மருந்தை ஒரு துண்டின் மேல் விட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: போலோ ஜிடி, 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்). ஹெடர் வேண்டும்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. கழற்ற எதுவும் இல்லை. டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன்பைப்பைத்தான் மாற்றலாம். உங்கள் காருக்கு ஹெடர் என்று யாராவது விற்றால் அவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள். 1.8 ஹோண்டா சிவிக் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான், டர்போ மட்டும் அதில் இல்லை.

கேள்வி: ஹெடர் மாட்டிய பிறகு காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம், சூடானதும் நின்றுவிடுகிறது. மைலேஜும் விழுந்துவிட்டது. ட்யூனிங் செய்ய வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: ட்யூனிங்குக்குப் பணம் கொடுக்கும் முன் லீக்கைப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது சத்தம், சூடானால் அடங்குகிறது என்றால் ஃப்ளாஞ்சிலோ வெல்டிலோ இடைவெளி இருக்கிறது, உலோகம் விரிந்து அதை மூடுகிறது. புகை வெளியே போவது சிறு பிரச்சினை. ஒவ்வொரு அழுத்த அலைக்கும் பின்னால் ஓர் உறிஞ்சல் வருகிறதல்லவா, அது அந்த இடைவெளி வழியே வெளிக் காற்றை உள்ளே இழுக்கும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து 'பெட்ரோல் குறைகிறது' என்று ஈசியுவிடம் (எஞ்சினை நிர்வகிக்கும் கணினி) சொல்லும், ஈசியு கூடுதலாக ஊற்றும். ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்றால் முதல் சந்தேகம் இந்த லீக்தான்.

கண்டுபிடிக்கும் வழி: எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது, வாக்குவம் கிளீனரின் ஊதும் முனையைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகுங்கள். ஃப்ளாஞ்சு, வெல்டு, சென்சார் அடி எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை வரும் இடம்தான் குற்றவாளி.

ஃப்ளாஞ்சு என்றால் கழற்றி, ஸ்டீல் ஸ்கேலை அதன் மேல் செங்குத்தாக வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். 0.2 மி.மீ. நுழைந்தால் கேஸ்கெட் அதை மறைக்காது, முகம் எடுக்க வேண்டும். கேஸ்கெட் பல அடுக்கு உலோகத்தில், புதிதாக. சிலிக்கான் பேஸ்ட் பூசாதீர்கள். அது தாங்காததோடு, அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். நட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் மாற்றி மாற்றி, மூன்று சுற்றில் முறுக்குங்கள். எம்8 ஸ்டட்டுக்குப் பொதுவாக 20–25 நியூட்டன் மீட்டர், ஆனால் உங்கள் எஞ்சின் மேனுவல் சொல்வதே முடிவு. இரண்டு மூன்று முறை சூடாகி ஆறிய பிறகு, ஆறிய நிலையில் மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள். புது ஹெடரில் பலர் விட்டுவிடும் வேலை இதுதான், உங்களுக்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

சென்சாரையும் ஒருமுறை பாருங்கள். அதன் மரை எம்18, 1.5 பிட்ச். குழாயின் மேல் பாதியில், கடிகாரத்தில் பத்துக்கும் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். அடிப்பக்கம் வைத்தால் காலையில் சேரும் தண்ணீர்த் துளி சூடான செராமிக்கில் பட்டு அது விரிசல் விடும்.

கேள்வி: அண்ணன் ஷார்ஜாவில் டொயோட்டா 86 வைத்திருக்கிறார், 2014 மாடல். சுபாரு மாதிரி சத்தம் வர நீளம் சமமில்லாத ஹெடர் போடலாம் என்கிறார். சரியா?
– வாசகர், ராயபுரம்

பதில்: சத்தம் வரும். குழாய்கள் ஏற்றத்தாழ்வாக இருப்பதால் அலைகள் ஒழுங்கில்லாமல் வந்து சேர்வதுதான் அந்த 'கட கட'. ஆனால் அந்த 2 லிட்டர் பாக்ஸர் எஞ்சினின் (சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருப்பது) பெரிய குறை, 3,500 முதல் 4,500 ஆர்பிஎம் வரை டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) குழி விழுவது. அதை நிரப்பத்தான் ஹெடர் வாங்குகிறார் என்றால், சம நீள 4-2-1உம் கூடவே ஈசியு ட்யூனிங்கும்தான் வழி. ட்யூன் இல்லாமல் குழாய் மட்டும் மாற்றினால் குழி முழுதாக நிரம்பாது.

அந்தக் காரின் முதல் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) ஹெடரிலேயே இருக்கிறது. வெறும் குழாய் வாங்கினால் அதுவும் போய்விடும், பின் சென்சார் பி0420 கோடு எழுதி செக் எஞ்சின் லைட்டைப் போடும். 200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 துளை) உலோகக் கன்வெர்ட்டரோடு வரும் ஹெடராகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹெடர் போட்டால் போலீஸ் பிடிப்பார்களா?
– வாசகர், மாதவரம்

பதில்: இங்கே 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) கார்கள் பலவற்றில் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒட்டியே வருகிறது. சீக்கிரம் சூடாகி வேலை செய்யத்தான் அப்படி. அதைக் கழற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கும் மாற்றம். சத்தமும் புகையும் விதியை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். டிராக்குக்கு மட்டும் போகும் கார் என்றால் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஹெடருக்குத் துணி சுற்றலாமா? மழைக்காலத்தில் கணேசபுரம் சப்வே வழியாகத்தான் போக வேண்டும்.
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: ஹீட் ரேப் சூட்டைக் குழாய்க்குள்ளேயே வைத்திருக்கும், பானெட்டுக்குள் வெப்பம் குறையும். ஆனால் உப்புத் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொள்ளும். சாதா இரும்பு ஹெடரில் சுற்றவே சுற்றாதீர்கள், உள்ளே அரிப்பது வெளியே தெரியாது. வயரோ ரப்பர் குழாயோ 25 மி.மீட்டருக்குள் வந்தால் அந்த இடத்தில் மட்டும் அலுமினிய ஹீட் ஷீல்டு வைத்தால் போதும். சப்வேயில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள்: கொதிக்கும் ஹெடரும் கன்வெர்ட்டரும் சட்டென்று நனைந்தால் உள்ளேயிருக்கும் செராமிக் தேன்கூடு உடைந்து, துண்டுகள் சைலன்சரை அடைத்துவிடும்.