இரண்டு இணைப்பு இருந்தும் மழை நாளில் இணையம் நிற்பது ஏன்?

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவையும் கணினிகளையும் நான் கவனித்துக்கொள்கிறேன். 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பு ஒன்று, 4ஜி சிம் போட்ட இணைப்பு ஒன்று. இரண்டையும் லோடு பேலன்சிங் ரவுட்டரில் சேர்த்துப் பாதிக்குப் பாதி என்று பிரித்திருக்கிறேன். கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்தின் கணக்கு சர்வருக்கு இரண்டு இணைப்பிலும் வி.பி.என். (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) போட்டு, இரு முனையிலும் டிராஃபிக் ஆப்டிமைசர் பெட்டியும் (அனுப்பும் தரவைக் குறைப்பது) வைத்திருக்கிறோம். இப்போது வங்கித் தளமும் ஜி.எஸ்.டி. தளமும் பாதி வேலையில் வெளியே தள்ளிவிடுகின்றன. கணக்கு மென்பொருள் முன்பைவிட மெதுவாகிவிட்டது. மழையில் ஃபைபர் போனால் 4ஜிக்கு மாறுவதே இல்லை. ரவுட்டரில் இரண்டு விளக்கும் பச்சையாகவே எரிகின்றன. விதிகளை எப்படி அமைக்க வேண்டும்?

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் எரிச்சல் தருபவை; இது வேலையையே நிறுத்துவது. இ-வே பில் போட முடியாவிட்டால் மூட்டை ஏற்றிய லாரி வாசலிலேயே நிற்கும். சமவெளியில் இரண்டாவது இணைப்பை வேகத்துக்காக வாங்குகிறார்கள். மலையில் அதை வேலை நிற்காமல் இருப்பதற்காக வாங்குகிறோம். விதி எழுத உட்காரும்போது இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்தே கிடைக்கும்.

அந்தப் பச்சை விளக்கு உங்களிடம் பொய் சொல்லவில்லை. ரவுட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் நடுவே உள்ள ஒரு முழக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று மட்டும் அது சொல்கிறது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து கேபிள் அறுந்தது அதற்குத் தெரியாது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரியுமே என்று நினைப்பீர்கள். உங்கள் ஊருக்குள் கம்பி அறுந்தால் எரியும். ஊருக்கு வரும் பெரிய கேபிள் மலைச்சாலையில் அறுந்தால், உள்ளூர் நிலையத்திலிருந்து ஒளி வந்துகொண்டுதான் இருக்கும். மோடமும் நலமாகவே காட்டும். ஆகவே ரவுட்டர் மலைக்கு அப்பால் இருக்கும் ஒன்றைக் கூப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ரவுட்டரில் 'ஹெல்த் செக்' என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே பெரும்பாலும் ரவுட்டருக்கு அடுத்து இருக்கும் கேட்வே கருவியைத்தான் பிங் செய்யும்படி, அதாவது 'இருக்கிறாயா' என்று கூப்பிட்டுப் பார்க்கும்படி, விட்டிருப்பார்கள். அதை மாற்றி 8.8.8.8, 1.1.1.1 என்ற இரண்டு பொது சர்வர் முகவரிகளைக் கொடுங்கள். இரண்டும் பதில் தராதபோது மட்டும் இணைப்பு போய்விட்டதாகக் கொள்ளச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் பேசாமல் இருந்தால் அது அந்த முகவரியின் பிரச்சினையாக இருக்கலாம். 5 விநாடிக்கு ஒரு முறை கேட்டு, தொடர்ந்து 3 முறை பதில் இல்லையென்றால் மாறட்டும். இங்கே எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: ஃபைபரைச் சோதிக்கும் பிங் ஃபைபர் வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டிப்போட வேண்டும். கட்டாவிட்டால் அந்தப் பிங் 4ஜி வழியாகப் போய்ப் பதில் வாங்கி வந்துவிடும். செத்துப்போன ஃபைபர் உயிரோடு இருப்பதாக ரவுட்டர் நம்பிக்கொண்டிருக்கும்.

போவதற்கு 15 விநாடி போதும். திரும்புவதற்கு அவசரம் கூடாது. காற்றில் ஆடும் கேபிளும் விட்டுவிட்டு வரும் மின்சாரமும் இணைப்பை வரவும் போகவும் வைக்கும். ஒவ்வொரு முறையும் ரவுட்டர் கூடவே தாவினால் ஒரு வேலையும் முடியாது. 24 முறை தொடர்ந்து பதில் வந்த பிறகு, அதாவது 2 நிமிடம் நிலைத்த பிறகு, ஃபைபருக்குத் திரும்பும்படி வையுங்கள்.

மாறிய பிறகும் பக்கம் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தருவது) அமைப்பைப் பாருங்கள். பல நிறுவனங்களின் டி.என்.எஸ். சர்வர் அவர்களுடைய இணைப்பிலிருந்து வரும் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். கணினிகளில் ஃபைபர் நிறுவனத்தின் டி.என்.எஸ். முகவரி இருந்தால், 4ஜி நன்றாக ஓடினாலும் எந்தத் தளத்தின் பெயரும் முகவரியாக மாறாது. கணினிகள் ரவுட்டரையே கேட்கட்டும். ரவுட்டர் பொது டி.என்.எஸ். சர்வரைக் கேட்கட்டும். ஃபைபர் போன உடனே பழைய தொடர்புகளின் பட்டியலை அழிக்கும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் இணையத் தொலைபேசிகள் இறந்த வழியிலேயே வெகுநேரம் பேசிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி வங்கித் தளம். நீங்கள் உள்ளே நுழைந்தபோது ஃபைபரின் ஐ.பி. முகவரியில் வந்தீர்கள். அடுத்த பக்கத்தை அழுத்தியபோது ரவுட்டர் புதிய தொடர்பை 4ஜிக்கு அனுப்பியது, முகவரி மாறியது. வேறு யாரோ உங்கள் கணக்கில் கை வைக்கிறார்கள் என்று வங்கி நினைத்தது, வெளியே தள்ளியது. வங்கி செய்தது சரிதான். ரவுட்டரில் 'பெர்சிஸ்டன்ஸ்' அல்லது 'ஸ்டிக்கி' என்ற பெயரில் இருக்கும் அமைப்பை இயக்கினால், ஒரே வழியை அது பிடித்துக்கொள்ளும்.

அதிலும் இரண்டு வகை உண்டு. அனுப்புபவர், பெறுபவர் இருவரின் முகவரியையும் சேர்த்துப் பார்ப்பது ஒன்று. அனுப்பும் கணினியை மட்டும் பார்ப்பது இன்னொன்று. முதல் வகை இதற்கு உதவாது. வங்கியின் முதல் பக்கம் ஒரு சர்வரில், பணம் செலுத்தும் பக்கம் இன்னொரு சர்வரில் இருக்கலாம். பெறுபவர் மாறியதும் வழியும் மாறிவிடும். அனுப்பும் கணினியை மட்டும் பார்க்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது 30 நிமிடம் நீடிக்கும்படி வையுங்கள். டி.சி.பி., யு.டி.பி. இரண்டும் தரவு அனுப்பும் முறைகள்; 443 என்பது பாதுகாப்பான தளங்களின் வாசல் எண். விதி எழுதும்போது டி.சி.பி. 443 மட்டும் போதாது, யு.டி.பி. 443 என்பதையும் சேருங்கள். இன்றைய உலாவிகள் பல தளங்களுக்கு யு.டி.பி. வழியாகவும் போகின்றன. ஃபைபர் நடுவில் அறுந்தால் மட்டும் மறுபடி உள்ளே நுழையத்தான் வேண்டியிருக்கும். அதற்கு எந்த விதியாலும் மருந்து இல்லை.

கணக்கு மென்பொருள் மெதுவானதற்குக் காரணம் ஆப்டிமைசர் பெட்டி அல்ல; அதற்கு நீங்கள் கொடுத்த பாதை. அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்தால் விதி தானாக விளங்கும். ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து வந்த தரவை இரு பெட்டிகளும் துண்டு துண்டாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. அதே துண்டு மீண்டும் வர வேண்டியிருந்தால், முழுவதையும் அனுப்பாமல் ஒரு சிறு குறியை மட்டும் அனுப்புகின்றன. இதற்கு ஒரு தொடர்பின் போக்கும் வரவும் அதே இணைப் பெட்டிகள் வழியாகவே நடக்க வேண்டும். போனதை ஒரு பெட்டி பார்த்து, வந்தது அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வந்தால், பெட்டி குழம்பிப் போய் அந்தத் தொடர்பைக் கைவிடும்.

இரண்டு வி.பி.என். டனலிலும் (பூட்டிய வழி) பாக்கெட்டுகளை, அதாவது தரவின் சிறு பொட்டலங்களை, மாற்றி மாற்றி அனுப்பும் அமைப்பும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபரில் முன்னே வரும் பாக்கெட்டும் 4ஜியில் பின்தங்கும் பாக்கெட்டும் வரிசை கலைந்து சேர்கின்றன. வரிசை கலைந்தால், நடுவில் ஏதோ தொலைந்துவிட்டது என்று டி.சி.பி. எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். இரண்டு சாலை இருந்தும் ஒன்றைவிட மெதுவாவது இப்படித்தான். பாக்கெட் அளவில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். தொடர்பு அளவில் மட்டும் பிரியுங்கள்.

கோயம்புத்தூர் டனலைப் பொறுத்தவரை என் யோசனை இன்னும் கறாரானது: அதைப் பங்கு போடவே வேண்டாம். ஃபைபர் டனல் முதல், 4ஜி டனல் காத்திருப்பில். இதே வரிசை கோயம்புத்தூர் முனையிலும் இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் மாற்றிவிட்டு மறுமுனையை மறப்பதால்தான் போக்கு ஒரு வழி, வரவு ஒரு வழி என்று ஆகிறது. ஆப்டிமைசர் பெட்டி ஸ்விட்சுக்கும் ரவுட்டருக்கும் இடையில், வி.பி.என். பூட்டு போடுவதற்கு முன் இருக்கட்டும். பூட்டிய பிறகு வரும் தரவில் ஒரே மாதிரித் துண்டு எதையும் அதனால் கண்டுபிடிக்க முடியாது. சி.சி.டி.வி. காட்சிகளை அதன் வழியே விடாமல் விலக்குங்கள். ஏற்கெனவே சுருக்கப்பட்ட காட்சியை அது மேலும் சுருக்காது, நினைவகம்தான் வீணாகும்.

4ஜி டனலில் இன்னொரு விஷயம். சிம் கார்டுக்கு உங்களுக்கென்று தனிப் பொது முகவரி பெரும்பாலும் கிடைப்பதில்லை. பலர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆகவே கோயம்புத்தூரிலிருந்து உங்களைக் கூப்பிட முடியாது. டனலைத் தொடங்குவது எப்போதும் கோத்தகிரிப் பக்கமாக இருக்கட்டும். பிங் போகிறது, சின்னத் திரைகள் திறக்கின்றன, பெரிய அறிக்கை மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது என்றால் பாக்கெட் அளவுதான் காரணம். டனலின் எம்.எஸ்.எஸ். அளவை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) 1300 பைட் என்று கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவ்வளவும் ஆன பிறகு மிஞ்சுவதைத்தான் பங்கு போட வேண்டும். பாதிக்குப் பாதி வேண்டாம். 4ஜியின் வேகத்தைக் காலை, மாலை, வார இறுதி என்று தனித்தனியே அளந்து, கிடைத்ததில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே சீசன் மாலைகளில் சுற்றுலா வந்தவர்களின் கைப்பேசிகள் எல்லாம் அதே டவரைத்தான் பிடிக்கின்றன. 100க்கு 20 என்று வந்தால் 5க்கு 1 என்று எடை கொடுங்கள். ஒரே ஒரு பெரிய கோப்பை இறக்கும்போது இரண்டு வேகமும் கூடி 120 ஆகாது. ஒரு தொடர்பு ஒரு வழியில்தான் போகும்.

பல ரவுட்டர்கள் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். எனவே மேலே கோயம்புத்தூர் டனல், அடுத்து இணையத் தொலைபேசியும் வீடியோ அழைப்பும், ஃபைபரில் முதல் உரிமையோடு, பிறகு கணக்குப் பிரிவுக் கணினிகளுக்கான ஸ்டிக்கி விதி, அதன்கீழ் சி.சி.டி.வி. பேக்கப்பும் விண்டோஸ் அப்டேட்டும், ஃபைபரில் மட்டும். கடைசியில் எடைப்படி மற்றவை. நான்காவதை ஃபைபர் இல்லாதபோது 4ஜிக்குப் போகவே விடாதீர்கள். விட்டால் மதியத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்து, இ-வே பில் போட ஒன்றும் மிஞ்சாது.

ரவுட்டரை மூடிவிட்டு வெளியே வந்து கம்பத்தைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம். குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஃபைபர் வாங்கி, விதிகளை அழகாக எழுதிக் கொடுத்தேன். ஒரு மழை இரவில் ஒரே மரம் சாய்ந்து இரண்டும் போயின. இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்திருந்தன. நான் அதைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் 4ஜி டவருக்கு வரும் கேபிளும் உங்கள் ஃபைபர் வரும் சாலையிலேயே ஏறி வரலாம். ஃபைபர் நிறுவனத்தின் லைன்மேனிடம் கேளுங்கள்: கேபிள் மேட்டுப்பாளையத்திலிருந்து நேரே கோத்தகிரிக்கு ஏறுகிறதா, குன்னூர் சுற்றி வருகிறதா? அவருக்குத் தெரிந்திருக்கும். டவர் நிறுவனத்திடமும் இதையே கேளுங்கள். ஒரே சாலை என்றால், வேறு சாலையில் கேபிள் வரும் நிறுவனத்தின் சிம்முக்கு மாறுவது எந்த விதியையும்விடப் பயன் தரும்.

மூடுபனி வந்தால் 4ஜி போய்விடும் என்று மலையில் பலர் நம்புகிறார்கள். 4ஜி அலைவரிசையைப் பனி அவ்வளவாகப் பாதிப்பதில்லை. நடுவில் நிற்கும் குன்றும் நனைந்த சில்வர் ஓக் இலைகளும்தான் சிக்னலைக் குறைக்கின்றன. ஆன்டெனாவை இலைக்கு மேலே உயர்த்துங்கள். மின்சாரமும் கேபிளுக்கு முன்பே போகக்கூடியது. மோடம், ரவுட்டர், ஆப்டிமைசர், ஸ்விட்ச் நான்கும் ஒரே யு.பி.எஸ்.-இல் இருக்க வேண்டும். ரவுட்டருக்கு மட்டும் பேட்டரி கொடுத்து மோடத்தைச் சுவர் பிளக்கில் விட்டிருப்பதை நான் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் அமைத்து முடித்ததும் சோதியுங்கள். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கங்களுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெரிது. கிழக்குச் சரிவில் இருக்கும் உங்களுக்கு வடகிழக்குப் பருவமழையே சோதனைக்காலம். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகள் அந்த மழையில்தான். அதனால் செப்டம்பரில் ஒரு நாள், தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, ஒருவரை வங்கித் தளத்தில் உட்காரவைத்து, இன்னொருவரைத் தொலைபேசியில் பேசவைத்து, மோடத்தின் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய ஃபைபர் கம்பியை மெதுவாகக் கழற்றுங்கள். மோடத்திலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளைக் கழற்றாதீர்கள். அதைக் கழற்றினால் பச்சை விளக்கே அணைந்துவிடும், சோதனைக்குப் பொருள் இருக்காது. கழற்றிய நேரத்தையும் பக்கம் மறுபடி திறந்த நேரத்தையும் ஒரு தாளில் குறியுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் ஹெல்த் செக்கின் கட்டுப்பாட்டைத் திரும்பப் பாருங்கள். கம்பியைச் செருகிய பிறகு, 2 நிமிடம் கழித்து டனல் ஃபைபருக்குத் திரும்பியதா என்று கோயம்புத்தூரிலிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள்.