வெள்ளிக்கிழமை உபவாசம், சனிக்கிழமைச் சம்பளம்

கேள்வி: என் கணவர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டார். அன்றிலிருந்து விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து தெருவுக்கே கேட்கும்படி ஜெபிக்கிறார். வீட்டிலிருந்த டிவியை எடுத்துவிட்டார். தசமபாகம் தவறுவதில்லை. குடிப்பதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை உபவாசம் என்றால் அன்று வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. ஒரு டம்ளர் கீழே விழுந்தாலும் சண்டைதான். கடையில் வேலை செய்யும் இரண்டு பையன்களுக்குச் சனிக்கிழமை கொடுக்க வேண்டிய வாரச் சம்பளம் புதன்வரை இழுக்கிறது. ஊரில் இருக்கும் மாமியாருக்கு மாதாமாதம் அனுப்பிவந்த பணத்தை நிறுத்தி, ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுக்கிறார். கேட்டால், "ஆண்டவருக்குக் கொடுத்ததைக் கேட்கக் கூடாது" என்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகள், "இதுதான் விசுவாசம் என்றால் எனக்கு வேண்டாம் அம்மா" என்று சொல்லிவிட்டாள். விசுவாசம் மனிதனை மாற்றும் என்கிறார்களே, இவரை எங்கே மாற்றியது? நான் பொறுத்துக்கொண்டு போவதா, கேட்பதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கேளுங்கள். எதை, எப்போது, எப்படி என்பதைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதற்கு முன் உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லில் என் கண் நின்றுவிட்டது. "குடிப்பதில்லை." டிவிக்கு ஒரு வாக்கியம், டம்ளருக்கு ஒரு வாக்கியம் எழுதிய நீங்கள், இதை ஒற்றைச் சொல்லில் கடந்துவிட்டீர்கள். எத்தனை வருடம் குடித்தார், எவ்வளவு குடித்தார் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தியதை எழுத வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே, அது ஏதோ கல்யாண வீட்டில் எப்போதாவது குடித்த குடியாக இருந்திருக்காது. ஐந்து வருடம் என்றால் ஆயிரத்து எண்ணூறு சாயங்காலங்களுக்கு மேல். ஒவ்வொரு சாயங்காலமும் கடையை அடைத்துவிட்டு வேறெங்கும் திரும்பாமல் நேராக வீட்டுக்கு வந்திருக்கிறார். "எங்கே மாற்றியது" என்று கேட்டீர்கள் அல்லவா? அங்கே மாற்றியிருக்கிறது. அதை ஒருநாள் அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா?

இதைச் சொன்னதால் மற்றதையெல்லாம் மன்னித்துவிடச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் மூன்றாம் அதிகாரத்தில், பேதுரு இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைக்கிறார்: "மனந்திரும்பிக் குணப்படுங்கள்." சிறுவயதில் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. திரும்புவதற்கு ஒரு நொடி போதும்; வடக்கே போகிறவன் நின்று தெற்கே திரும்பினால் முடிந்தது. குணப்படுவது வேறு. காய்ச்சலுக்குச் சொல்கிற அதே சொல்தான் அது. பத்தியம் வேண்டும், நாள் பிடிக்கும், இடையில் மறுபடியும் சூடேறும். உங்கள் கணவர் திரும்பிவிட்டார். கூட்டத்தில் கை தூக்கிய அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவரும் நம்பிவிட்டார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்ட கதை.

குடியை விட்டவர்களுக்குள் இருக்கும் கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு மதுவில் அமுங்கிக் கிடந்ததெல்லாம் அது நின்றபின் மேலே வரும். வீட்டில் இருப்பவர்கள்தான் அதை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பை 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் பழக்கங்களிலிருந்து பலவற்றை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் எட்டாவது, நம்மால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாருடைய பெயரையும் பட்டியலாக எழுதுவது. ஒன்பதாவது, முடிந்தவரை ஒவ்வொருவரிடமும் நேரில் போய் ஈடுசெய்வது. குடியை நிறுத்தியவன் அதோடு நின்றுவிட்டால் போதாது என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டிலும் அவர்களுடைய கூட்டங்கள் நடக்கின்றன. உங்கள் கணவருக்கு ஜெபக்கூட்டம் இருக்கிறது; பட்டியல் இல்லை.

பட்டியல் போட்ட ஒருவரை அவருக்கு நிச்சயம் தெரியும். சகேயு, இயேசுவைப் பார்க்க ஆசைப்பட்ட ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன். காட்டத்தி மரத்தில் ஏறிய கதையை ஞாயிறு பள்ளியில் படம் வரைந்து வண்ணம் தீட்டிவிட்டு விட்டுவிடுகிறோம். மரத்திலிருந்து இறங்கிய பிறகு அவன் பேசியதெல்லாம் கணக்கு. அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். மோசே எழுதிய சட்டத்தில், செய்த குற்றத்தைத் தானே அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் விதித்த அபராதம். தன்னை ஆட்டுத் திருடன் வரிசையில் தானே நிறுத்திக்கொண்டான் அந்த ஆயக்காரன். இந்த வீட்டுக்கு இன்றைக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்வது அந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான். இரட்சிக்கப்பட்டேன் என்று சொல்கிற எல்லாரும் அந்த வசனங்களின் வரிசையை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

முதலில் அந்தப் பையன்கள். உபவாசத்தையும் கூலியையும் நான் வேண்டுமென்றே முடிச்சுப் போடவில்லை. ஏசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரம் போட்டிருக்கிறது. நாங்கள் உபவாசம் இருந்தும் நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் குறைப்படுகிறார்கள். உபவாச நாளிலேயே உங்கள் வேலைக்காரர்களைக் கசக்குகிறீர்கள், வழக்காடவும் கையை ஓங்கவும் உபவாசிக்கிறீர்கள் என்று பதில் வருகிறது. உங்கள் வீட்டு வெள்ளிக்கிழமையையும் கடையின் சனிக்கிழமையையும் யாரோ பார்த்து எழுதியது போல இருக்கிறது. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம். உபாகமம் காரணத்தையும் சொல்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியை எதிர்பார்த்தே இருக்கிறான். புதன்கிழமை வரை என்றால் எத்தனை விடியல் ஆகிறது?

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். சம்பளம் ஏன் தாமதமாகிறது? பாத்திர வியாபாரம் முகூர்த்தத்தை நம்பியது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கல்லா காய்ந்துவிடும். மொத்த வியாபாரிக்கான கடன் மட்டும் காயாது. பணம் இல்லாமல் இழுக்கிறாரா, இருந்தும் "பையன்கள்தானே, பொறுப்பார்கள்" என்ற பழக்கத்தில் இழுக்கிறாரா? பணமில்லை என்றால் அவர் வெட்கத்தில் இருக்கிறார். அந்த வெட்கம்தான் சத்தமாக வெளியே வருகிறதோ என்னவோ. அப்படியானால் வழி சுலபம். வெள்ளிக்கிழமை மாலை விற்பனையிலிருந்து பையன்களின் சம்பளத்தை முதலில் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். தசமபாகம் அதன் பிறகு. அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது அவர் வருமானமே அல்ல. அதில் பத்தில் ஒன்று எடுக்க அவருக்கு உரிமையும் இல்லை.

காணிக்கை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. உங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகித் தோர்ணக்கல்லுக்குப் போன வே. ச. அசரியா, கொடுப்பதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். என் பாட்டி வீட்டு அடுப்பங்கரையில் உலைக்கு அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள், அது கோயிலுக்கு. அந்தப் பிடி அவள் சாப்பாட்டிலிருந்து போனது. பக்கத்து வீட்டுப் பானையிலிருந்து எடுத்துப் போடவில்லை.

மாமியார் விஷயம் இதைவிட நேரானது. கொர்பான் என்ற சொல்லை உங்கள் கணவர் படித்திருப்பார், மாற்கு ஏழாம் அதிகாரம். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதை "இது தேவனுக்குக் காணிக்கை" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு மரபு இருந்தது. இயேசு கோபப்பட்ட இடங்களில் அது ஒன்று. "ஆண்டவருக்குக் கொடுத்ததைக் கேட்கக் கூடாது" என்று உங்கள் கணவர் சொன்னது ஏறக்குறைய அதே வாக்கியம். தெரிந்து சொல்லியிருக்க மாட்டார். ஆலயச் சுவருக்குச் செங்கல் வாங்க நூறு பேர் இருக்கிறார்கள்; அந்த அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்க யார் இருக்கிறார்கள்? இதை அவர் மதிக்கும் போதகரிடம் நீங்களும் சேர்ந்து போய்க் கேட்கலாம். தாய்க்குப் போக வேண்டிய பணம் இது என்று தெரிந்தால் நேர்மையான எந்தப் போதகரும் அதை வாங்க மாட்டார். வாங்கினார் என்றால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயந்தான்.

நான் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். அப்பாவின் வீட்டைப் பிரித்தபோது கிணற்றுக்குப் போகும் வழி யாருக்கு என்பதில் எனக்கும் என் தங்கைக்கும் பேச்சு நின்றது. ஆறு வருடம். இத்தனைக்கும் நான் ஞாயிறு பள்ளியில் மன்னிக்காத ஊழியக்காரன் உவமையைப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டியவள். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானது. 1950-இல் வெளிவந்த அதன் திருவிருந்து முறைமையில், காணிக்கைக்கு முன் ஒருவருக்கொருவர் கையோடு கை கொடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டும். சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்ற வசனத்துக்கேற்ற ஏற்பாடு. நான் என்ன செய்தேன்? அவள் உட்காரும் வரிசையிலிருந்து சமாதானம் என்னிடம் வந்து சேராதபடி தூணுக்குப் பின்னால் இடம் மாற்றிக்கொண்டேன். ஆறு வருடமும் திருவிருந்து எடுத்தேன். கடைசியில் ஒரு பண்டிகை அசனத்தில், எங்கள் சண்டை தெரியாத யாரோ பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். இலையைப் பார்த்தபடியே அவள், "இன்னும் எலும்பை ஒதுக்குகிறாயா அக்கா" என்றாள். கிணற்று வழி இன்றும் தீரவில்லை. பேசிக்கொள்கிறோம்.

ஆகையால் அவரிடம் வசனத்தைக் கல்லாக எடுத்து எறியாதீர்கள். "சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன்" என்று பவுல் சொன்னது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதைச் சொன்னால் சண்டையில் ஜெயிப்பீர்கள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பேசவே வேண்டாம். கடைக் கணக்கை முடித்துவிட்டு அவர் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு நாளைப் பாருங்கள். குடியை விட்டதில் தொடங்குங்கள். அது உண்மை என்பதால், நயத்துக்காக அல்ல. பிறகு ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: பையன்களின் சம்பளம். ஐந்து வருடத்தையும் ஒரே இரவில் இறக்கிவைக்காதீர்கள். மாமியார் விஷயம் இரண்டு வாரம் கழித்து வரட்டும்.

கை நீட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் மேலே சொன்ன நிதானமெல்லாம் பொருந்தாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பொறுத்துப் போவதைப் பற்றி யார் பிரசங்கம் செய்தாலும் பேசுங்கள்.

மகளைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அப்பாவின் ஜெபத்தையும் பையன்களின் சம்பளத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறாள். அவள் வேண்டாம் என்று சொன்னது எதை என்று யோசித்துப் பாருங்கள். குடும்ப ஜெபத்துக்கு இழுத்து உட்காரவைக்காதீர்கள். பிதாக்களே, உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியருக்கு எழுதியதும் அதே பவுல்தான். ஒரு வெள்ளிக்கிழமை கத்திய பிறகு, அவளிடம் போய் "தப்பு என்னுடையது" என்று அப்பா ஒருதரம் சொல்லட்டும். பிளஸ் டூ முடியட்டும், பேசுவாள்.

மறுபடி எழுதும்போது வேறெதுவும் நீளமாக எழுத வேண்டாம். அந்தப் பையன்களுக்கு எந்தக் கிழமை சம்பளம் கைக்கு வந்தது என்று மட்டும் எழுதுங்கள்.