செனசென்ட் செல்களும் ‘இளமை மாத்திரை’யும்: கேள்வி பதில்

பிரிவது நின்றுபோன செல், அதாவது செனசென்ட் செல், செத்த செல்தானே? அதனால் என்ன கெடுதல்?

சாகாததுதான் சிக்கல். மனிதச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்தால் ஏறத்தாழ 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று 1961-ல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டினார்கள். டெலோமியர் (குரோமோசோம் முனையில் இருக்கும் மூடி) தேய்வது ஒரு காரணம். டிஎன்ஏ சேதம், கதிர்வீச்சு, சில கீமோ மருந்துகள் ஆகியவையும் செல்லை அதே நிலைக்குத் தள்ளும். பி21, பி16 என்ற புரதங்கள் பிரிவைப் பூட்டிவிடும். செல் மட்டும் உயிரோடு இருந்துகொண்டு ஐஎல்-6, ஐஎல்-8 என்ற அழற்சிப் புரதங்கள், திசுவை அரிக்கும் நொதிகள் என்று சுற்றிலும் கொட்டிக்கொண்டே இருக்கும். இந்தக் கசிவுக்கு ‘சாஸ்ப்’ என்று பெயர். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லையும் அது கெடுக்கும்.

அப்படியென்றால் மொத்தமாக அழித்துவிட வேண்டியதுதானே?

எலியில் செய்து பார்த்தாயிற்று. பி16 அதிகமுள்ள செல்கள் மட்டும் சாகும்படி மரபணு மாற்றிய எலிகளை மேயோ கிளினிக் குழு உருவாக்கியது. நடுவயதிலிருந்து அந்தச் செல்களை அகற்றிவந்ததில் நடுமதிப்பு ஆயுள் சுமார் 25 சதவீதம் கூடியது என்று 2016-ல் வெளியிட்டார்கள்.

ஆனால் 2014-லேயே வேறொரு முடிவும் வந்திருந்தது: இந்தச் செல்கள் இல்லாத எலிக்குப் புண் ஆறத் தாமதமாகிறது. 2020-ல் இன்னொரு குழு, கல்லீரல் ரத்த நாளங்களில் உள்ள பி16 செல்களை நீக்கியபோது வடுத்திசு உண்டானதைக் கண்டது. எந்தத் திசுவில் எந்தச் செல்லை எப்போது எடுப்பது என்பதுதான் இன்றைய கேள்வி. இவற்றுக்கு ‘ஜாம்பி செல்’ என்று பெயர் வைத்தவர்கள் இந்தப் பாதியை விட்டுவிட்டார்கள்.

எனக்கு வயது 58. இந்தச் செல்களை அழிக்குமாமே, டாசாட்டினிப், க்வெர்செட்டின் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா? டோஸ் நெட்டிலேயே இருக்கிறது. பிரஷருக்கு மாத்திரையும் தினம் ஒரு ஆஸ்பிரினும் எடுக்கிறேன்.

வேண்டாம். முதலில் அந்த டோஸ் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2019-ல் நுரையீரல் நார்த்திசு நோயாளிகள் 14 பேருக்கு டாசாட்டினிப் 100 மி.கி., க்வெர்செட்டின் 1250 மி.கி. என வாரத்தில் 3 நாள் வீதம் 3 வாரம் கொடுத்தார்கள். நடக்கும் தூரமும் வேகமும் கூடின. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரைக் குழுவே கிடையாது. பின்னர் மாதவிடாய் நின்ற 60 பெண்களிடம், மருந்து தராத குழுவும் வைத்து 20 வாரம் சோதித்தார்கள். எலும்புத் தேய்மானத்தைக் காட்டும் ரத்தக் குறியீட்டில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அது 2024-ல் வெளியானது.

டாசாட்டினிப் ரத்தப் புற்றுநோய் மருந்து. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைக்கும், அவை வேலை செய்வதையும் கெடுக்கும். ஆஸ்பிரினும் சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கலாம், இசிஜியில் தெரியும் க்யூடி இடைவெளி நீண்டு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் எடுத்தால் ரத்தத்தில் இதன் அளவு ஏறும். வயிற்று அமிலத்துக்குப் பான்டோபிரசோல் எடுத்தால் உறிஞ்சப்படுவதே குறையும். ஆய்வுகளில் இதையெல்லாம் சலித்துத்தான் ஆளை எடுக்கிறார்கள். வீட்டில் யார் சலிப்பது?

வெங்காயத்தில் க்வெர்செட்டின் இருக்கிறதாமே?

இருக்கிறது. 100 கிராமில் 20 முதல் 40 மி.கி. வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1250 மி.கி.க்கு மூன்று கிலோவுக்கு மேல் போகும். சாம்பாரில் போடுங்கள், ருசிக்காக.

இதே வேலைக்கு விற்கும் ஃபைசெட்டின் கேப்சூல்?

2018-ல் வயதான எலிக்கு ஆயுள் கூடியதாக வந்தது. அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்களில் ஒரே நேரத்தில் மருந்துகளைச் சோதிக்கும் ஐடிபி திட்டத்தில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. காசை மிச்சப்படுத்துங்கள்.

அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். முழங்காலில் போடும் செனோலிட்டிக் (செனசென்ட் செல்லை அழிக்கும்) ஊசி வந்துவிட்டதா?

வரவில்லை. யுபிஎக்ஸ்0101 என்ற ஊசி, 2020-ல் இரண்டாம் கட்டச் சோதனையில் வலியைக் குறைப்பதில் போலி ஊசியை மிஞ்சவில்லை. அதைத் தயாரித்த நிறுவனம் பிறகு கண் நோய்ப் பக்கம் திரும்பியது. அம்மாவுக்குத் தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் இன்றைக்கு ஆதாரமுள்ள வழி.

சர்க்கரை நோய் இல்லாதவர் முதுமையைத் தள்ளிப்போட மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) எடுக்கலாமா?

65 முதல் 79 வயதுள்ள சுமார் 3000 பேரிடம் சோதிக்க ‘டேம்’ என்ற திட்டம் வகுக்கப்பட்டது. அதுபோன்ற சோதனையின் முடிவு கையில் இல்லாமல் எடுக்கச் சொல்ல மாட்டேன். 2019-ல் வந்த ஒரு சோதனையில், 65 வயதைத் தாண்டி எடைப்பயிற்சி செய்தவர்களில் மெட்ஃபார்மின் எடுத்த குழுவுக்குத் தசை குறைவாகவே கூடியது. நீண்டநாள் எடுத்தால் பி12 குறையவும் கூடும்.

ஆய்வக மாணவி நான். செனசென்ட் செல்லை நீலமாகக் காட்டும் பீட்டா-கேலக்டோசிடேஸ் சாயத்தில் இளம் செல்களும் நீலமாகிவிடுகின்றன. எங்கே தப்பு மேடம்?

முதலில் இன்குபேட்டரைப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைத்தால் கரைசல் அமிலமாகும். பிஎச் 4 பக்கம் போய்விட்டால் லைசோசோம் (செல்லின் செரிமானப் பை) உள்ள எல்லாச் செல்லும் நீலம்தான். சரியாக 6.0 இருக்க வேண்டும், மீட்டரை அன்றைக்கே அளவுத்திருத்தம் செய்யுங்கள். தட்டைப் பாராஃபிலிமால் சுற்றி, வாயு இணைப்பு இல்லாத 37 டிகிரி அறையில் வையுங்கள்.

அடுத்தது நெரிசல். தட்டு நிரம்பிவிட்டாலும் சீரம் குறைந்தாலும் இளம் செல்லும் நீலமாகும். பாதி நிரம்பிய நிலையில் சாயமிடுங்கள். நிலைப்படுத்த 2 சதவீத ஃபார்மால்டிஹைடும் 0.2 சதவீத குளுட்டரால்டிஹைடும் 3 முதல் 5 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் நொதியே செத்து, எல்லாம் வெளுப்பாகிவிடும். நீலம் தரும் எக்ஸ்-கால் மில்லிக்கு 1 மி.கி.; கரைசலை 37 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகு கலந்தால் ஊசி ஊசியாகப் படிகம் விழாது. 12 முதல் 16 மணி நேரத்துக்குள் எண்ணிவிடுங்கள்.

டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் எட்டோபோசைட் கொடுத்த செல்களை ஒரு குழியில் சேர்த்து வையுங்கள், அது நீலமாகியே தீர வேண்டும். மேக்ரோஃபேஜ்களுக்கு (கிருமியை விழுங்கும் செல்களுக்கு) இயல்பாகவே இந்த நீலம் வரும் என்பதால் சாயத்தை மட்டும் வைத்து முடிவு எழுதாதீர்கள். பி21 கூடியிருக்கிறதா, செல் கருவின் உறைப் புரதமான லாமின் பி1 குறைந்திருக்கிறதா, புதிய டிஎன்ஏவில் சேரும் அடையாளப் பொருளான இடியு ஏறாமல் இருக்கிறதா என்று மூன்றையும் சேர்த்துக் காட்டினால்தான் கட்டுரை மதிப்பீட்டாளர் ஒப்புக்கொள்வார்.