19ஆம் நூற்றாண்டு அரசியல்வாதி ஆல்ஃபிரெட் எஷர் ஒருமுறைகூட சுவிட்சர்லாந்தின் மத்திய அமைச்சரவையில் இருந்ததில்லையே, பிறகு ஏன் அவருக்கு இவ்வளவு பெரிய சிலை?

சூரிச் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் தெரிவது அவருடைய முதுகுதான். எட்டு ஆண்டுகளாக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன். ரயிலைக் கொண்டுவந்த மனிதர் ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வங்கிகள் நிறைந்த பான்ஹோஃப் வீதியைப் பார்த்து நிற்கிறார்.

அமைச்சர் பதவி அவருக்குத் தேவைப்படவில்லை என்பேன். 1848இல் புதிய கூட்டாட்சி பிறந்தபோது 29 வயதில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தவர், 1882இல் சாகும்வரை உறுப்பினராகவே இருந்தார். ரயில் பாதைகளைத் தனியாரிடம் விடவேண்டும் என்று வாதாடி, 1852இல் அதையே சட்டமாக்க வைத்தார். அடுத்த ஆண்டே வடகிழக்கு ரயில்வே அவர் தலைமையில் வந்தது. பாதை போடப் பொறியாளர்கள் வேண்டுமே. 1855இல் சூரிச் பாலிடெக்னிக் (இன்றைய ஈடிஹெச் பல்கலைக்கழகம்) திறக்கப்பட்டதில் அவர் பங்கு பெரிது. பணத்துக்கு வெளிநாட்டு முதலாளிகளிடம் போய் நிற்க மனமில்லாமல் 1856இல் ஒரு வங்கியும் தொடங்கினார். 30 லட்சம் பிராங்குக்குப் பங்கு விற்கப் போனார்கள். மூன்றே நாளில் 21 கோடியே 80 லட்சத்துக்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன! அதுதான் 2023இல் யூபிஎஸ் என்ற இன்னொரு சுவிஸ் வங்கி வாங்கிக்கொண்ட கிரெடிட் சுவிஸ்.

சட்டம் இயற்றும் கையும் அவருடையது, அதில் லாபம் பார்க்கும் கையும் அவருடையது. ஊர் சும்மா இருக்குமா? ‘எஷர் சிஸ்டம்’ என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1869இல் சூரிச் மாநிலத்தின் அரசியலமைப்பையே மாற்றி எழுதினார்கள்.

ஆனால் அவரைச் சாய்த்தது அந்த எதிர்ப்பு அல்ல, ஒரு மலை. ஆல்ப்ஸைக் குடைந்து 15 கிலோமீட்டருக்கு கோட்ஹார்ட் சுரங்கம் போடும் கம்பெனிக்கு 1871இல் தலைவரானார். ரயில் பாதை முழுவதற்கும் போட்ட மதிப்பீடு 18.7 கோடி பிராங்க். 1876இல் மேலும் 10.2 கோடி வேண்டும் என்றார்கள். பழி முழுவதும் அவர் தலையில் விழ, 1878இல் பதவி விலகினார். 1880 பிப்ரவரி 29 அன்று இரு பக்கத்துத் தொழிலாளர்களும் நடுவில் சந்தித்தார்கள். பாறையில் விழுந்த துளை வழியாக முதலில் கடந்து போனது ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஒப்பந்ததாரர் லூயி ஃபாவ்ரின் படம். முந்தைய ஆண்டு அதே சுரங்கத்துக்குள் உயிர்விட்டவர் அவர். செத்தவருக்குக் கிடைத்த அந்த மரியாதை உயிரோடிருந்த எஷருக்கு இல்லை. அந்தச் சந்திப்பைக் கொண்டாடிய விழாவுக்கு அவரை அழைக்கவே இல்லை. 1882 திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது; போக உடம்பு இடம் தரவில்லை. அந்த டிசம்பரிலேயே இறந்துபோனார். ஏழே ஆண்டில் சிலை வைத்துவிட்டார்கள்!

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சுரங்க வேலையில் மாண்ட தொழிலாளர்கள் ஏறத்தாழ 200 பேர், பெரும்பாலும் இத்தாலியர்கள். 1875இல் சுரங்கத்தின் வடக்கு வாசலான கெஷனனில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் நால்வரைச் சுட்டே கொன்றார்கள். சுரங்கத்தின் தெற்கு வாசலில், ஐரோலோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சிற்பி வின்சென்சோ வேலா செய்த வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது: இறந்த தோழனைத் தொழிலாளர்கள் சுமந்து செல்லும் காட்சி. எவரும் கேட்காமல், வேலா தானாகவே உருவாக்கியது அது.