சூரிய உதயப் படத்தில் வானமும் தரையும் ஒருசேரத் தெரிய என்ன செய்வது?

வானத்துக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) வைத்தால் தரை கறுத்துப்போகிறது, தரைக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடுகிறது, வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த மூன்று படங்களை எச்.டி.ஆர். முறையில் ஒன்றாக இணைத்தால் கார்ட்டூன் மாதிரி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் நானும் பட்டு வந்தவன்தான்.

சில வருடங்களுக்கு முன் மூணாறு பக்கத்துத் தேயிலை மலையான கொழுக்குமலை. சூரியநெல்லியிலிருந்து இருட்டிலேயே ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி மேலே போனால், கீழே மேகம் பால் கொட்டியது போலக் கிடந்தது. லென்ஸ் திறப்பு எஃப் 8, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100. ஷட்டரை மட்டும் மாற்றி 1/250, 1/60, 1/15 நொடி என்று மூன்று படங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். வீட்டுக்கு வந்து மூன்றையும் இணைத்து, இருட்டுப் பகுதிகளை வெளிச்சமாக்கும் ஷேடோஸ் ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்து அம்மாவிடம் காட்டினேன். "விடியக்காலைன்னு சொன்னே, மத்தியானம் மாதிரி இருக்கே?" என்றார்.

கோளாறு அங்கேதான். சூரியனைப் பார்த்து நிற்கும்போது தேயிலைச் சரிவு இருட்டாகத்தான் இருக்கும். அதில் இலை இருப்பது லேசாகத் தெரிந்தால் போதும். நான் அதை வானத்துக்குச் சமமாக ஏற்றிவிட்டேன். நீர்நிலை இருக்கும் படமானால் இன்னும் சுலபமாக மாட்டிக்கொள்வோம்: தண்ணீரில் விழும் வானம் மேலே இருக்கும் வானத்தைவிடச் சற்று மங்கலாகத்தான் இருக்கும். அதைப் பளிச்சென்று ஆக்கினால், காரணம் தெரியாதவர்களுக்கும் ஏதோ இடிக்கும்.

இப்போது நான் செய்வது இப்படி. முதலில், இருட்டான ஒரே ரா ஃபைலை (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்து ஷேடோஸை ஏற்றிப் பார்ப்பேன். சமீபத்திய கேமராக்களில் ஐ.எஸ்.ஓ. 100-இல் எடுத்தது இரண்டு மூன்று ஸ்டாப் வரை தாங்குகிறது. நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சல், பொறுக்கும்படி இருந்தால் இணைப்பு வேலையே வேண்டாம். பாதிப் படங்கள் இங்கேயே முடிந்துவிடும்.

தாங்கவில்லையென்றால் இரண்டே படங்கள்தான்: வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. இரண்டுக்கும் ஒயிட் பேலன்ஸை (நிறச் சாயலை) ஒன்றாக்கிக்கொண்டு, போட்டோஷாப்பில் இருட்டுப் படத்தைக் கீழேயும் வெளிச்சப் படத்தை மேலேயும் லேயராக வைத்து, ஆட்டோ அலைன் கொடுப்பேன். டிரைபாடில் வைத்து எடுத்தாலும் காற்றில் ஒரு நூலளவு அசைந்திருக்கும். மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க்: கறுப்பு இருக்கும் இடத்தில் அந்த லேயர் மறையும், வெள்ளை இருக்கும் இடத்தில் தெரியும். அதில் வெள்ளை பிரஷ்ஷால், ஃப்ளோ (பிரஷ் பூசும் வேகம்) 10 சதவீதம் வைத்து, தரையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பேன்.

மலை விளிம்புதான் கையைக் கடிக்கும் இடம். மெத்தென்ற பெரிய பிரஷ்ஷால் அங்கே தேய்த்தால் மலையைச் சுற்றி வெள்ளையாக ஒளிவட்டம் வந்துவிடும். சாமி படத்துக்கு அது சரி. அதைத் தவிர்க்கத்தான் படத்தின் பிரகாசத்தை வைத்தே உருவாக்கும் லூமினாசிட்டி மாஸ்க். மேல் லேயரை மறைத்துவிட்டு, சேனல்ஸ் பேனலில் ஆர்.ஜி.பி.யைக் கண்ட்ரோல் அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால், வெளிச்சமான பகுதிகள் அவற்றின் பிரகாசத்துக்கு ஏற்ற அளவில் செலெக்ட் ஆகும். அதை இன்வெர்ட் செய்தால் இருட்டுப் பகுதிகள் கிடைக்கும். மேல் லேயரைத் திரும்பத் திறந்து, அந்த செலெக்‌ஷன் இருக்கும்போதே மாஸ்க்கில் பிரஷ் போடுங்கள். வானத்தின் மேல் கை தவறிப் பட்டாலும் பெரிதாக ஒட்டாது.

மூடுபனி, அலை, காற்றில் ஆடும் புல் எல்லாம் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடம் மாறியிருக்கும். அவற்றை ஏதாவது ஒரே படத்திலிருந்து முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். பாதி இதிலும் பாதி அதிலும் எடுத்தால் பேய் உருவம்தான் மிஞ்சும்.

"இது ஏமாற்று வேலை" என்று யாராவது சொன்னால் பழைய புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரேயைக் காட்டுங்கள். பிரான்சில் 1850-களிலேயே அவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று சேர்த்து அச்சிட்டவர். அன்றைய தகடுகள் நீல ஒளிக்கு அளவுக்கு மீறிக் கூருணர்வு கொண்டவை. அதனால் கடல் பதிவதற்குள் வானம் வெளுத்துவிடும். உங்கள் பிரச்சினையேதான்.

அப்புறம், அந்தக் கொழுக்குமலை ஃபைல்களைப் போன வருடம் திரும்ப எடுத்தேன். 1/250-உம் 1/60-உம் மட்டும் போதுமாக இருந்தது. மேல் லேயரின் ஒப்பாசிட்டியை (அது எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பதை) 60 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டு ஒரு நாள் கழித்துப் பார்த்தேன், அப்போதும் தரை தூக்கலாகவே தெரிந்தது. 45-இல் நிறுத்தினேன்.