‘டிட் எ மிஸ்டேக்’ ஏன் தப்பு? ஆங்கில வினைச்சொற்களின் ஜோடி: கேள்வி பதில்

கேள்வி: சார், ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ என்று எழுதினால் தப்பு என்கிறார்கள். தவறு ‘செய்வது’தானே? அப்புறம் ஏன் ‘டூ’ வரக்கூடாது?

பதில்: தவறு செய், முயற்சி செய், வீட்டுப்பாடம் செய், குற்றம் செய். நான்குக்கும் நமக்கு ஒரே ‘செய்’ போதும். ஆங்கிலத்தில் மேக் எ மிஸ்டேக், மேக் அன் எஃபர்ட், டூ ஹோம்வொர்க், கமிட் எ கிரைம் என்று பிரிந்துவிடும்.

தோராயமான வழி ஒன்று உண்டு. செய்து முடித்ததும் முன்பு இல்லாத ஒன்று புதிதாக உண்டானால் ‘மேக்’: நாய்ஸ், லிஸ்ட், பிளான், பிராமிஸ், டீ. ஏற்கெனவே இருக்கிற ஒரு வேலையில் ஈடுபட்டால் ‘டூ’: எக்ஸர்சைஸ், ரிசர்ச், டிஷஸ். மிஸ்டேக்கும் புதிதாக உண்டாவதுதான், அதனால் மேக். இந்த வழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. டேமேஜ், ஹார்ம், ஃபேவர் மூன்றுக்கும் ‘டூ’தான் வரும். படுக்கையைச் சரி செய்வதற்கு ‘மேக் தி பெட்’. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

கேள்வி: எனக்கு ‘போடு’ வருகிற இடமெல்லாம் வாயில் ‘புட்’ வந்துவிடுகிறது. ‘புட் எ சிக்னேச்சர்’ என்று சொன்னேன், அலுவலகத்தில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பதில்: தமிழர்கள் அதிகம் சறுக்கும் இடமே இதுதான். தமிழில் ‘போடு’வுக்குத் தனி அர்த்தம் கொஞ்சம்தான், முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்தான் அர்த்தத்தைத் தருகிறது. ஆகவே ‘போடு’வை மொழிபெயர்க்காதீர்கள். பெயர்ச்சொல்லை மட்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அங்கே அதற்கு எந்த வினை துணை என்று தேடுங்கள்.

கையெழுத்துப் போடு: ‘சைன்’ என்ற ஒரு சொல்லே போதும். திட்டம் போடு, சத்தம் போடு, டீ போடு: மூன்றும் மேக். ஊசி போடு: கிவ் அன் இன்ஜெக்‌ஷன். லைட்டைப் போடு: டர்ன் ஆன் அல்லது ஸ்விட்ச் ஆன். கோலம் போடு: டிரா. சண்டை போடு: ஹாவ் எ ஃபைட், வலிய வம்புக்குப் போனால் பிக் எ ஃபைட். குட்டித் தூக்கம் போடு: டேக் எ நாப். சட்டையைப் போடு என்பதில்தான் ‘புட்’ வருகிறது, அதுவும் தனியாக இல்லை, ‘புட் ஆன்’ என்று.

‘எடு’வையும் இதே மாதிரி சோதியுங்கள். போட்டோ எடு என்றால் டேக் சரி. மார்க் எடு என்றால் கெட் அல்லது ஸ்கோர். வாந்தி எடு என்றால் வாமிட், அங்கே துணைவினையே வேண்டாம்.

கேள்வி: முடிவெடுப்பதற்கு டேக்கா, மேக்கா?

பதில்: இரண்டும் சரி. அமெரிக்காவில் மேக்தான் வழக்கம். பிரிட்டனில் மேக்கோடு டேக்கும் உண்டு, குறிப்பாக அரசு, நிர்வாகம் சார்ந்த எழுத்தில். சந்தேகமாக இருந்தால் மேக் எழுதுங்கள், எங்கேயும் இடறாது.

கேள்வி: அண்ணா, ‘கோ மேட்’, ‘கோ பேட்’ எல்லாம் இருக்கிறது. அப்படியானால் ‘கோ ஓல்டு’, ‘கோ டயர்டு’ ஏன் சொல்லக்கூடாது?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. பெயரடைக்கு முன்னால் வரும் ‘கோ’ பெரும்பாலும் கெட்டுப்போவதைச் சொல்லும். நம் ‘போ’வும் அப்படித்தானே, புளித்துப்போச்சு, அழுகிப்போச்சு! பால் கோஸ் சவர், இறைச்சி கோஸ் பேட், தலை கோஸ் பால்டு, கண் பார்வை போனால் கோ பிளைண்டு, கம்பெனி திவாலானால் கோ பேங்க்ரப்ட், பொருள் காணாமல் போனால் கோ மிஸ்ஸிங்.

ஆனால் ஓல்டு, டயர்டு, இல், சிக் ஆகியவை ‘கோ’வோடு சேராது. கெட் ஓல்டு, கெட் டயர்டு என்பதே வழக்கம். மெல்ல மெல்ல ஆவதை எழுத்தில் காட்ட குரோ ஓல்டு, குரோ டயர்டு. நோய்வாய்ப்படுவதற்கு ஃபால் இல். ‘ஃபால்’ மிகச் சில பெயரடைகளோடுதான் சேரும்: இல், சிக், அஸ்லீப், சைலன்ட், வேக்கன்ட் போன்றவை. ‘ஃபால் ஆங்க்ரி’ கிடையாது.

எதிர்ப்பக்கத்தில் ‘கம்’ நிற்கிறது. கனவு பலித்தால் கம் ட்ரூ. கட்டியதோ முடுக்கியதோ கழன்றால், ஆணி கம்ஸ் லூஸ், ஷூ லேஸ் கம்ஸ் அன்டன். ‘ரன்’ தீர்ந்துபோவதற்கு: கிணறு ரன்ஸ் டிரை, பணம் ரன்ஸ் ஷார்ட். ‘டர்ன்’ நிறத்துக்கும் வயதுக்கும்: டர்ன் ரெட், டர்ன் ஃபார்ட்டி.

இரண்டு பொறிகளைக் கவனி. ‘கெட் ஹங்க்ரி’ என்றால் பசி எடுப்பது, ‘கோ ஹங்க்ரி’ என்றால் சாப்பாடு கிடைக்காமல் பட்டினி கிடப்பது. அமெரிக்கர் ‘கெட் மேட்’ என்றால் கோபப்படுவது, ‘கோ மேட்’ என்றால் பைத்தியம் பிடிப்பது.

கேள்வி: ‘கோ வைரல்’ கெட்டதில்லையே?

பதில்: இல்லைதான். கோ வைரல், கோ டிஜிட்டல், கோ பப்ளிக் எல்லாம் நிலை மாறுவதை மட்டுமே சொல்கின்றன. அதனால்தான் மேலே ‘பெரும்பாலும்’ என்று எழுதினேன்.

கேள்வி: ‘ஹி லுக்டு’ என்று ஒரே சொல்லில் முடிவதை ‘ஹி ஹேட் எ லுக்’ என்று ஏன் நீட்ட வேண்டும், மேடம்?

பதில்: இடையில் பெயரடை வைக்க வசதியாக இருக்கும். ஹாவ் எ குயிக் லுக், டேக் எ டீப் பிரெத், மேக் எ சீரியஸ் மிஸ்டேக் என்று பேச்சில் சரளமாக வரும். அதே கருத்தை வினையடையால் சொன்னால் பல நேரம் விறைப்பாக ஒலிக்கும். இந்த ஹாவ், டேக், மேக் போன்றவற்றுக்கு ‘லைட் வெர்ப்’ என்று பெயர் வைத்தவர் டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன். வினை எடையில்லாமல் நிற்கிறது, பாரம் முழுவதையும் பெயர்ச்சொல் சுமக்கிறது.

இதில் ‘எ’ இருக்கிறதா இல்லையா என்பது முக்கியம். ‘ஹாவ் எ வேர்டு’ என்றால் சற்றுத் தனியாகப் பேசுவது, ‘ஹாவ் வேர்ட்ஸ்’ என்றால் வாய்த்தகராறு. மேலாளரிடம் ‘எ’வை விட்டுவிட்டு, பன்மையில் சொல்லிவிடாதீர்கள். டேக் பார்ட், டேக் பிளேஸ், மேக் சென்ஸ் ஆகியவற்றுக்கு ‘எ’ வராது.

கேள்வி: ‘மேக் கிளியர் இட்’ சரியா?

பதில்: தவறு. மேக், கீப், லீவ், டிரைவ் ஆகியவற்றுக்குப் பின் முதலில் ஆளோ பொருளோ, பிறகு பெயரடை: மேக் இட் கிளியர், கீப் தி ரூம் கிளீன், லீவ் தி டோர் ஓப்பன். ‘டிரைவ்’ மட்டும் மேட், கிரேஸி, இன்சேன் வகையோடுதான் சேரும். ‘டிரைவ் மீ ஹேப்பி’ என்று யாரும் சொல்வதில்லை.

கேள்வி: இவ்வளவையும் எப்படி நினைவில் வைப்பது? விதிப் புத்தகம் ஏதாவது உண்டா?

பதில்: விதியைவிடப் பட்டியல்தான் உதவும். டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்த ஹெரால்ட் பால்மர் 1933-லேயே இத்தகைய சொற்சேர்க்கைகளைத் திரட்டி வெளியிட்டார். சேர்த்தே கற்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

அகராதியில் வினையின் கீழே தேடாதீர்கள். ‘மேக்’கின் கீழே பக்கம் பக்கமாக இருக்கும், கண் கட்டும். பெயர்ச்சொல்லின் கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள், ஜோடி அங்கே இருக்கும். நோட்டில் ஒரு வரிக்கு ஒரு பெயர்ச்சொல் எழுதுங்கள். இடப்பக்கம் வினை, நடுவில் இரண்டு பெயரடை, வலப்பக்கம் பின்னால் வரும் முன்னிடைச்சொல். உதாரணமாக: மேக் – டிஃபிகல்ட், ஃபைனல் – டெசிஷன் – அபௌட். பே – கிளோஸ், ஸ்பெஷல் – அட்டென்‌ஷன் – டு. இந்த இரண்டாவது வரியை இன்றே எழுதிக்கொள்ளுங்கள், ‘கிவ் அட்டென்‌ஷன்’ என்று எழுதுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.